கம்பி போகும் வழி காலுக்குத் தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

பதில் எழுதுபவர் நீலகிரி மாவட்டத்தின் அருவங்காட்டில் பிறந்தவர். 1987இல் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தார். பிறகு தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மாறி, மேற்கு மாவட்டங்களின் நெட்வொர்க் பராமரிப்பு முழுவதையும் கவனித்துவந்து, 2019இல் ஓய்வு பெற்றார். இப்போது கோத்தகிரியில் வசிக்கும் அவர், தொலைத்தொடர்பு வேலை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

அம்மா, கோவையில் ஈசிஇ முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது. பெங்களூரு சாப்ட்வேர் கம்பெனி ஒன்றும் கூப்பிடுகிறது, சம்பளம் அங்கே கொஞ்சம் அதிகம். "டெலிகாமில் மொத்தமே நாலு கம்பெனிதான். முப்பது வருஷம் ஓட்ட முடியுமா?" என்று மாமா கேட்கிறார். என்ன செய்வது?
– குன்னூர் வாசகி, வயது 22

மாமா கேட்டதில் தப்பில்லை, மகளே. அந்தப் பயம் எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. 2010 வாக்கில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட செல்போன் நிறுவனங்கள் இருந்தன. 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் நின்றுபோய், நம் ஊர்களில் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் அலைந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். இன்றைக்கு ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் என்று நாலுதான் மிச்சம்.

ஆனால் சிம் விற்கிறவர்கள் மட்டுமே டெலிகாம் இல்லை. டவர்களில் பெரும்பங்கு இண்டஸ் போன்ற தனி நிறுவனங்களின் சொத்து. டவரில் மாட்டும் கருவிகளை நோக்கியா, எரிக்சன், சாம்சங், நம் நாட்டுத் தேஜஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். ரயில் பாதையோரம் ரயில்டெல் ஃபைபர் ஓடுகிறது. உயர் மின்கோபுரங்களின் உச்சியில் பவர்கிரிட்டின் ஃபைபர் போகிறது. சென்னையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. 2020 ஆகஸ்டில் திறந்த சென்னை–அந்தமான் கேபிள் மட்டுமே சுமார் 2,300 கிலோமீட்டர். இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், சென்னை வேலைக்குப் போங்கள். கண்காணிப்பு மையத்தில் இரண்டு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தால், எந்த அலாரம் எந்தக் கோளாறினால் வருகிறது என்பது புத்தகத்தில் கிடைக்காத அளவுக்குப் பிடிபடும். அதற்குப் பிறகு கட்டாயம் ஃபீல்டுக்கு மாற்றல் கேளுங்கள். திரையை மட்டும் பார்த்துப் பத்து வருஷம் இருந்துவிட்டால் மேலே போகும் வழி குறுகிவிடும்.

ஏன் ஃபீல்டு என்று சொல்கிறேன் தெரியுமா? பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்ட்ரௌஜர் என்ற பழைய இயந்திர வகை எக்ஸ்சேஞ்ச். அறை முழுக்க டக் டக் என்று ரிலே தட்டிக்கொண்டே இருக்கும். நான் வேலையில் ஊன்றுவதற்குள் அது பழையதாகிவிட்டது. கிராமங்களுக்கு மத்திய அரசின் சி-டாட் ஆய்வு மையம் உருவாக்கிய 128 லைன் சின்ன எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஏசி இல்லாமலே ஓடும்படி நம் நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ப வடிவமைத்த கருவி அது, அதன் மேல் எனக்கு இன்றும் மரியாதை. அப்புறம் ஃபைபர், ஜிஎஸ்எம், 3ஜி, 4ஜி. ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை நான் கற்றதில் பாதி பயன்படாமல் போனது.

அப்படிப் பயனற்றுப் போகாத ஒன்றை எனக்குக் கொடுத்தவர் குன்னூரில் என்னுடன் இருந்த வயதான லைன்மேன். நான் சேர்ந்த முதல் மாதம் எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர் என்ற தெருவோரக் கேபிள் பெட்டி, பில்லரிலிருந்து டிபி என்ற சின்ன இணைப்புப் பெட்டி, டிபியிலிருந்து வீடு என்று பெட்போர்டு, வண்டிச்சோலை முழுக்க என்னை நடக்கவைத்தார். "கம்பி எங்க போகுதுன்னு காலுக்குத் தெரியணும்மா, அப்பத்தான் மழையில கண்ணு தெரியாதப்பவும் போய்ச் சேரலாம்" என்பார். கோடை இடி வந்தால் எக்ஸ்சேஞ்சில் லைன்களை இயக்கும் கார்டுகள் எரியும். இடியின் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் எர்த், பாறை நிலத்தில் சரியாகப் பிடிக்காது, அதனால் எந்த இடத்து எர்த் குழிக்கு எப்போது தண்ணீர் ஊற்றினார்கள் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. இன்றைய 5ஜி டவருக்கும் எர்த் வேண்டும். அந்தக் கணக்கு அப்படியே செல்லும்.

டெலிகாம் மேனேஜர் என்றால் என்ன வேலை? டவர் மேல் ஏற வேண்டுமா?
– கோத்தகிரி மாணவர், 11ஆம் வகுப்பு

ஏற வேண்டியதில்லை. ஏறுகிறவர்கள் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள். ஏறுகிறவரின் பெல்ட்டும் கயிறும் சரியாக இருக்கிறதா, காற்று அடிக்கும்போது அவரை ஏற்றாமல் இருக்கிறோமா என்று பார்ப்பது மேனேஜரின் வேலை.

ஒரு கணக்குச் சொல்கிறேன், போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம். நெட்வொர்க் 99.9 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும் என்றால் மாதம் முழுக்கச் சேர்த்து 43 நிமிடம்தான் நிற்கலாம். இன்னொரு 9 சேர்த்து 99.99 என்றால் நாலு நிமிடம் சொச்சம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் கிளம்பி மலை ஏறுவதற்குள் அந்த நாலு நிமிடம் முடிந்துவிடும். எனவே ஒன்று பழுதானால் இன்னொன்று தானாக வேலை செய்யும்படி முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். அதற்குப் பணம் கேட்க வேண்டும், ஆட்களை வைக்க வேண்டும், வைத்த ஆட்கள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் வேலை.

பனிமூட்டம் வந்தால் சிக்னல் போய்விடும் என்று நம் ஊரில் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். டவர்களுக்கு இடையே தகவல் கொண்டுபோகும் மைக்ரோவேவ் அலையைப் பனிமூட்டம் பெரிதாகத் தடுக்காது. உயர்ந்த அலைவரிசைகளில் பலத்த மழைதான் அலையை உறிஞ்சும். பனிமூட்ட நேரத்தில் சிக்னல் போனால் பெரும்பாலும் போயிருப்பது கரண்ட்.

மேடம், மஞ்சூர் பக்கம் ஃபைபர் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் 9 வருஷமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். டிப்ளமோ படிப்பு. ஃபைபர் அறுந்து கட் விழுந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் நான்தான் போகிறேன். ஆனால் எனக்கு மேலே மேனேஜராக வருகிறவர்கள் இழையை ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷினைத் தொட்டதே இல்லை. எனக்கு எப்போது வரும்?
– மஞ்சூர் வாசகர், வயது 34

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கெத்தை, முள்ளி பக்கம் மழைக்காலத்தில் கட் தேடிப் போவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றை நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். கட் விழுந்ததும், இழைக்குள் ஒளியை அனுப்பி அது எவ்வளவு தூரத்தில் என்று அளக்கும் ஓடிடிஆர் கருவியை வைத்து அடிக்கிறீர்கள். 12.4 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. புதிதாக வந்த பையன் வண்டியில் மீட்டரைப் பூஜ்யமாக்கி 12.4இல் போய் நிறுத்துவான். அங்கே கட் இருக்காது. ஏனென்றால் கருவி காட்டுவது கண்ணாடி இழையின் நீளம், ரோட்டின் நீளம் இல்லை. வழியில் எட்டு ஜாயின்ட் இருந்து, ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம் 10 மீட்டர், அந்தப் பக்கம் 10 மீட்டர் சுருட்டி வைத்திருந்தால் 160 மீட்டர் அங்கேயே போய்விட்டது. சமவெளியில் 160 மீட்டர் என்றால் நடந்து போகலாம். நம் மலையில் அது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலேயா கீழேயா என்பது. இருட்டில், மழையில், தப்பான வளைவில் நின்று தோண்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நீங்கள் எந்த ஜாயின்டில் எவ்வளவு சுருள் என்று நினைவிலேயே கழித்துவிட்டு நேராக இடத்துக்குப் போவீர்கள், இல்லையா?

அந்தக் கணக்கு உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. சிக்கல் அங்கேதான். உங்கள் ஒப்பந்தக்காரருக்கு நீங்கள் "மஞ்சூர் லைனைப் பார்த்துக்கொள்ளும் நல்ல பையன்." அந்த இடத்திலிருந்து உங்களை எடுத்தால் லைன் கெட்டுவிடும் என்று பயந்தே உங்களை அங்கே வைத்திருப்பார்கள். இதை நான் பலரின் வாழ்க்கையில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு வலித்திருக்கிறது.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஆறு நேரங்களை எழுதுங்கள்: லிங்க் போன நேரம், உங்களுக்குப் போன் வந்த நேரம், கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், இடத்தைக் கண்டுபிடித்த நேரம், சரியான நேரம். பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ஜேசிபி, மரம், மண்சரிவு, எலி, எதுவானாலும் சரி. ஆறு மாதம் இதை விடாமல் எழுதினால் ஒரு விஷயம் தானாகத் தெரியும். இழையை ஒட்டுவதற்கு ஆவது முக்கால் மணி நேரம். போய்ச் சேரவும் கண்டுபிடிக்கவும் ஆவது மூன்று மணி நேரம். அப்படியானால் ஊட்டி ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கும் இரண்டாவது ஓடிடிஆரை மஞ்சூரில் வைத்தால் எவ்வளவு மிச்சம்? இந்தக் கேள்வியை அந்த நோட்டோடு மேலிடத்தில் கேளுங்கள். அன்றைக்கே உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

அடுத்தது ரூபாய். ஒரு டவர் சைட்டின் மாதச் செலவு என்ன என்று உங்களால் சொல்ல முடியுமா? இட வாடகை, ஈபி பில், டீசல், காவலாள், பேட்டரி மாற்றுவது. மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் ஜெனரேட்டரின் மீட்டர் மாதத்தில் 30 மணி ஓடியதாகக் காட்டினால் 60 லிட்டர் ஆகியிருக்க வேண்டும். பில்லில் 90 என்று இருந்தால் எங்கோ ஓட்டை. இந்தக் கணக்கைச் சைட்டுக்குச் சைட் போடத் தெரிந்த சூப்பர்வைசர் எனக்குக் கிடைத்தபோது, அவருடைய படிப்பு என்ன என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் அவரை மேனேஜராக்க எழுதிக்கொடுத்தேன்.

மூன்றாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது.

2009 நவம்பர் இரண்டாம் வாரம் நீலகிரியில் பெய்த மழை நம் யாருக்கும் மறக்காது. கேத்தி, குன்னூர், ஊட்டி என்று எங்கும் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அப்போது தனியார் நிறுவனத்தில் மலை மாவட்டத்துக்குப் பொறுப்பு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் எங்களுக்கு இரண்டு ஃபைபர் பாதைகள். வரைபடத்தில் அழகான வளையம், ஒன்று அறுந்தால் மற்றது தூக்கும். அந்த இரவு இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. விடிந்து போய்ப் பார்த்தால், இரண்டு பாதைகளும் ஓர் இடத்தில் 300 மீட்டர் தூரம் ஒரே சிறுபாலத்தின் கீழ் ஓடியிருக்கின்றன. பாலமே இல்லை. 31 மணி நேரம் எங்கள் இணைப்பு இல்லாமல் இருந்தது. தன் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று திருப்பூரிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்த ஒருவரைப் பிறகு நான் சந்தித்தேன். அவர் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பாதையை ஒப்புக்கொண்ட பத்திரத்தில், இரண்டு வருஷத்துக்கு முன் கையெழுத்துப் போட்டவள் நான். மாதக் கடைசி, அவசரம், நடந்து பார்க்காமலே போட்டுவிட்டேன். நடந்திருந்தால் அந்தப் பாலம் என் கண்ணில் பட்டிருக்கும்.

தலைமை அலுவலகம் அறிக்கை கேட்டது. "இயற்கைச் சீற்றம் என்று ஒரு வரி போதும்" என்று சொல்லியும் விட்டார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு பாதையும் ஒரே பாலத்தில் இருந்தது, நான் நடந்து பார்க்காமல் கையெழுத்திட்டது, இதேபோல மலையில் இன்னும் ஐந்து இடம் இருப்பது, அவற்றைப் பிரிக்க எவ்வளவு ஆகும் என்பது, எல்லாம் எழுதினேன். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. ஆனால் கோத்தகிரி வழியாகத் தனிப் பாதை போடப் பணம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து மேற்கு மாவட்டங்கள் முழுவதற்கும் ஆள் தேடியபோது, அன்று என்னிடம் கோபப்பட்ட அதே அதிகாரிதான் என் பெயரைச் சொன்னார். "உங்க ரிப்போர்ட்டை மட்டும் நான் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியதில்லை" என்றார். என் வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான்.

ஆகவே தம்பி, நோட்டில் எழுதும்போது நீங்கள் தாமதமாகக் கிளம்பிய நாளையும் தாமதம் என்றே எழுதுங்கள். நோட்டை நம்புகிறவர்கள் உங்களையும் நம்புவார்கள்.

டெலிகாம் எம்பிஏ படிக்கலாமா?
– ஊட்டி வாசகர்

மூன்று நாலு வருஷம் வேலை பார்த்த பிறகு என்றால் படிக்கலாம். புனேயில் சிம்பயாசிஸ், தில்லி ஐஐடியின் பாரதி பள்ளி போன்ற இடங்களில் இந்தத் துறைக்கென்றே படிப்புகள் உண்டு. வேலைக்கே போகாமல் நேராகப் போய்ப் படித்தால், வகுப்பில் பேசும் பிரச்சினை எதுவும் உங்கள் பிரச்சினையாக இருக்காது. அந்தப் பணத்தையும் காலத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அரசு வழியில் போக என்ன தேர்வு எழுத வேண்டும்?
– அருவங்காடு வாசகி

என் சொந்த ஊர்! மேலே போவதற்கான நேர்வழி யூபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வு. அதில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் வென்றால் இந்தியத் தொலைத்தொடர்புப் பணிக்குப் போகலாம். எந்த வருஷம் எத்தனை இடம் என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்என்எல் ஜேடிஓ (இளநிலைத் தொலைத்தொடர்பு அதிகாரி) பதவிக்கு ஆள் எடுக்கும்போது கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 2020 ஜனவரியில் பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வில் வெளியேறியவர்கள் 78,000 பேருக்கும் மேல். அரசு வேலை என்றால் அசையாத வேலை என்ற நம்பிக்கையில் மட்டும் போகாதீர்கள். வேலை பிடித்துப் போங்கள்.

அக்கா, டவர் நிறுவனத்தில் ஃபீல்டு இன்ஜினீயராக இருக்கிறேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். ராத்திரி அழைப்பு வந்தால் வீட்டில் முகம் மாறுகிறது. அலுவலக வேலைக்கு மாறிவிடு என்கிறார்கள். மாறினால் மேலே வர முடியுமா?
– கூடலூர் வாசகி, வயது 28

நானும் 1990களில் கூடலூரில் இருந்தேன் தங்கை. தேவாலா, சேரம்பாடி பக்கம் தென்மேற்குப் பருவமழை நாலு மாதம் விடாது. குழந்தை பிறந்தபோது எனக்குக் கிடைத்த விடுப்பு 90 நாள். இன்று சட்டப்படி 26 வாரம். அந்தக் காலத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது என் மாமியார். ஆனால் முதல் நாளே அவர் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஒருநாள் எக்ஸ்சேஞ்சுக்குக் கூட்டிப்போய், பேட்டரி அறை, கேபிள் அறை எல்லாம் காட்டினேன். "இத்தனை ஊருக்கும் போன் இங்கிருந்தா போகுது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ராத்திரி போன் அடித்தால் என்னை எழுப்பிவிடுவதே அவர்தான். உங்கள் வீட்டுக்காரரையும் ஒரு சைட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தெரியாத இடத்தைப் பற்றித்தான் அதிகம் பயம் வரும்.

ஆனால் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. கூடலூரில் யானை உண்டு, கோத்தகிரியில் கரடி உண்டு. நான் மேனேஜர் ஆனதும் முதலில் போட்ட விதி, இருட்டிய பிறகு காட்டோர சைட்டுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர், வண்டி, வனத்துறை ஊழியருக்குத் தகவல். யாரும் என்றால் ஆணும்தான். பெண்களுக்கு மட்டும் என்று விதி போட்டால் "பொண்ணை எடுத்தா தொல்லை" என்று அடுத்த முறை பெண்ணை எடுக்க மாட்டார்கள். எல்லோருக்கும் என்று போட்டால் அது வேலையின் முறை ஆகிவிடும். உங்கள் மேனேஜரிடம் இந்த விதியைக் கேளுங்கள், உங்களுக்காக என்று சொல்லாமல் குழுவுக்காக என்று கேளுங்கள்.

அலுவலக வேலைக்கு மாறுவது தப்பில்லை. ஆனால் ஃபீல்டில் இன்னும் இரண்டு வருஷமாவது முழுசாக முடித்துவிட்டு மாறுங்கள். பிறகு யாரும் கூட்டத்தில் "உங்களுக்கு அங்கே நிலைமை தெரியாது" என்று உங்கள் வாயை அடைக்க முடியாது.

எங்கள் பகுதியில் ஒரு கிராமத்தில் டவர் போட ஊரே எதிர்க்கிறது. கதிர்வீச்சு பயம். எனக்கு இது முதல் மேனேஜர் வேலை. போலீஸ் பாதுகாப்புக் கேட்கலாமா?
– கீழ்க்கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

கேட்காதீர்கள். போலீஸை வைத்துப் போட்ட டவருக்கு நாளைக்குக் கரண்ட் போனால், ஜெனரேட்டர் அறைச் சாவியை எடுத்துத் திறந்துவிட ஓர் ஆள்கூட அந்த ஊரில் கிடைக்க மாட்டார்.

நான் இதேபோல ஓர் ஊருக்கு மூன்று முறை போனேன். முதல் முறை பேசவே இல்லை, பெரியவர்கள் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறை அளக்கும் கருவியோடு போனேன். பக்கத்து ஊரில் ஏற்கெனவே இருக்கும் டவருக்கு அவர்களையே கூட்டிப்போய், அவர்கள் காட்டிய இடங்களில் அளந்து காட்டினேன். நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல், சர்வதேச அளவில் பரிந்துரைக்கும் வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் டவர் விதிக்கு உட்பட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம், கட்டணம் கட்டி அளக்கவும் சொல்லலாம். இதையெல்லாம் சொன்னேன்.

அப்போதும் அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்றாம் முறைதான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. நாங்கள் பார்த்த இடம் கோயிலுக்கு ஊர்வலம் போகும் வழி. கதிர்வீச்சு என்பது எங்களிடம் சொல்ல வசதியாக இருந்த வார்த்தை. 200 மீட்டர் கீழே தள்ளினோம். கவரேஜ் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. அங்கே இன்றுவரை ஒரு பேட்டரிகூடத் திருட்டுப் போகவில்லை.

மலைப்பகுதிக் கட்டுமான அனுமதி, வனத்துறை எல்லை இரண்டையும் இடம் பேசுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்த்தால் ஒரு வருஷம் போய்விடும்.

எனக்கு 47 வயது. 2ஜி, 3ஜி, மைக்ரோவேவ் என்று 23 வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது எல்லாம் ஐபி (இணைய முறை), கிளவுட், ஆட்டோமேஷன் என்கிறார்கள். என் கீழே இருக்கும் பையன்கள் பேசுவது எனக்குப் பாதி புரிவதில்லை. அடுத்த ஆள்குறைப்பில் நான்தான் என்று தோன்றுகிறது. தூக்கம் வருவதில்லை.
– ஊட்டி வாசகர்

உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்தது, நிதானமாக எழுத வேண்டும் என்பதற்காக.

ஊட்டிக்காரரான உங்களுக்கு இந்து நகர் பிலிம் தொழிற்சாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிலிமின் காலம் முடிந்தபோது, அங்கே இருட்டறையில் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. என் தோழியின் கணவர் அவர்களில் ஒருவர். அதனால் உங்கள் பயத்தைச் சின்னதாக எண்ண மாட்டேன்.

ஆனால் நம் துறையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பழையதன் மேல்தான் புதியது உட்காருகிறது. பழைய எக்ஸ்சேஞ்சுக்குப் போலவே 5ஜி டவருக்கும் மைனஸ் 48 வோல்ட் மின்சாரம்தான். நீங்கள் இரண்டு டவர்களுக்கு இடையே போட்ட மைக்ரோவேவ் இணைப்பின் நேர்பார்வைக் கோடு, நடுவில் யூகலிப்டஸ் வளர்ந்து மறைக்கிறதா என்ற கவலை, எல்லாம் அப்படியே இருக்கிறது. கிளவுடில் ஓடும் மென்பொருள் தப்பான அலாரம் கொடுத்தால் அது தப்பு என்று சொல்ல, அந்த மலையில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் வேண்டும்.

சரி, புரியாத பாதியை என்ன செய்வது? எனக்கு 44 வயதில் இதே நிலை வந்தது. எல்லாம் ஐபிக்கு மாறியது. என் பிரிவில் 25 வயதுப் பையன் ஒருவன் ரூட்டர் கட்டளைகளைப் படபடவென்று அடிப்பான். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு அவனிடம் நேராகக் கேட்டேன்: "எனக்கு இது தெரியாது. தினமும் காலை எட்டரையிலிருந்து ஒன்பது வரை சொல்லிக்கொடுப்பாயா?" அவன் எழுந்தே நின்றுவிட்டான். நாலு மாதம் சொல்லிக்கொடுத்தான். பதிலுக்கு நான் அவனைச் சனிக்கிழமைகளில் சைட்டுகளுக்குக் கூட்டிப்போனேன். எர்த் அளப்பது, பேட்டரி வங்கியில் 24 செல்லில் எது செத்தது என்று கண்டுபிடிப்பது, ஒப்பந்தக்காரரிடம் விலை பேசுவது, இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. இன்று அவன் பெங்களூரில் பெரிய பதவியில் இருக்கிறான், பொங்கலுக்குத் தவறாமல் போன் செய்வான்.

நீங்கள் முதலில் ஐபி அடிப்படையைப் பிடியுங்கள். முகவரி, சப்நெட், ரூட்டிங், இவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு. 5ஜி கோர், கிளவுட் எல்லாம் அதற்கு மேல் தானாக ஏறும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு திணறாதீர்கள். இன்னொன்று, ஆள்குறைப்புப் பற்றி உங்கள் மேலதிகாரியிடம் இந்த மாதமே நேரில் கேட்டுவிடுங்கள். அடுத்த ஒரு வருஷத்துக்கு என் வேலை எது, அதற்கு நான் என்ன கற்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக விழித்திருப்பவரால் காலை எட்டரைக்குப் பாடம் கேட்க முடியாது.

திங்கட்கிழமை போனதும் அந்தப் பையன்களில் பொறுமையானவன் யார் என்று பாருங்கள். அவன் மேசைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.